பொருள்: இரண்டாம் படி, நான்காம் படி – இரண்டுக்கும் ‘தியானம்’ என்றே எழுதுவதா?

அன்புள்ள குழுவினருக்கு,

எங்கள் பங்கில் தவக்காலத்துக்கு எட்டுப் பக்கச் சிற்றேடு ஒன்று தயாராகிறது. வியாழன் காலை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். விவிலியத்தை வாசித்துச் செபிப்பதற்கு 12ஆம் நூற்றாண்டின் கார்த்தூசியச் சபைத் துறவி இரண்டாம் குய்கோ சொன்ன நான்கு படிகள்தான் பொருள்: வாசிப்பு, மெடிடாசியோ (வாசித்ததை ஆழ்ந்து எண்ணுதல்), செபம், கான்டெம்ப்ளாசியோ (இறைவனில் லயித்திருத்தல்). இதுவரை இரண்டாவதைத் தியானம் என்றும் நான்காவதை ஆழ்நிலைத் தியானம் என்றும் எழுதிவந்தோம். போன வாரம் ஓர் அம்மா, “சிஸ்டர், இது மகேஷ் யோகி சொன்னதுதானே?” என்று கேட்டார். யோகி பரப்பிய முறைக்கும் ஆழ்நிலைத் தியானம் என்றே பெயர். அந்த அம்மா விடியற்காலை ஆறு மணிக்கு மில் பேருந்தைப் பிடிப்பவர். கண்மூடி உட்கார அவருக்கு நேரமில்லை. அடுப்படியிலும் பேருந்திலும் செய்யக்கூடியது என்று கேட்டவுடன் விளங்கும் சொல் வேண்டும்.
– சிஸ்டர், திண்டுக்கல்

சிஸ்டர், வணக்கம். வடசொல் எதற்கு? “உள்ளுவ தெல்லாம் உயர்வுள்ளல்” என்கிறது குறள். இரண்டாம் படிக்கு உள்ளல், நான்காம் படிக்கு ஊழ்கம். தனித்தமிழ் எழுதுவோர் ஊழ்கத்தை ஏற்கெனவே ஆள்கிறார்கள்.
– புலவர், தஞ்சை

புலவர் ஐயாவுக்கு, ஊழ்கம் என்றால் எங்கள் சபையார் காதில் ஊழ் என்றுதான் விழும். “ஊழிற் பெருவலி யாவுள” என்று பள்ளியில் படித்தவர்கள் அவர்கள். தியானம் எங்களுக்கு அந்நியச் சொல் அல்ல. ஈசாக்கு சாயங்காலத்தில் தியானம்பண்ணத்தான் வெளியிலே போனான். முதலாம் சங்கீதத்தை மனப்பாடம் செய்த பிள்ளைகூட இரவும் பகலும் தியானமாயிருப்பதை அறியும். அதை ஏன் விட வேண்டும்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை

ஐயா, அந்தச் சங்கீதத்தின் எபிரேய வினை ‘ஹாகா’. ஏசாயா 31:4இல் இரையைப் பிடித்த சிங்கம் உறுமுவதற்கும் 38:14இல் புறா புலம்புவதற்கும் அதே வினைதான். ஆக, அது வாயின் வேலை, முணுமுணுப்பு. யோசுவா 1:8ஐப் பாருங்கள். புத்தகம் ‘வாயைவிட்டுப்’ பிரியாதிருக்கட்டும் என்கிறது, மனத்தை விட்டு அல்ல. குய்கோவும் உணவைத்தான் உவமை சொல்கிறார்: வாசிப்பு வாயில் இடுகிறது, மெடிடாசியோ மெல்லுகிறது, செபம் சுவையைப் பெறுகிறது, கான்டெம்ப்ளாசியோ அந்த இனிமையே. இதற்குத் தமிழில் சொல் தேட வேண்டியதில்லை: அசைபோடுதல். ‘மனசுக்குள்ள அசைபோட்டுக்கிட்டே இருந்தேன்’ என்று அந்த அம்மாவே சொல்லுவார்.
– விவிலிய ஆசிரியர், மதுரை

அசைபோடுதல்! இதில் இன்னொன்றும் இருக்கிறது. யாப்பில் எழுத்து சேர்ந்து அசை, அசை சேர்ந்து சீர். நேரசை, நிரையசை என்று வாய்விட்டுப் பிரித்துச் சொல்வதும் ஒருவகை மெல்லுதலே. அசைதல், அசைச்சொல், தொட்டில் அசைப்பது... வேர் ஒன்றா என்று தனி இழையில் எழுதுகிறேன். இருந்தாலும், மாட்டின் செயலை மன்றாட்டுக்கு வைப்பது எனக்கு உறுத்துகிறது.
– புலவர், தஞ்சை

லேவியராகமம் 11இல் அசைபோடுவது சுத்தமான மிருகத்தின் அடையாளங்களில் ஒன்று, ஐயா. இலத்தீன் துறவிகளும் ‘ருமினாசியோ’ (அசைபோடுதல்) என்று கூசாமல் சொன்னார்கள்.
– மதுரை

நான்காம் படிக்கு வருவோம். எங்கள் ஊருக்குப் பக்கம் தண்ணீர்ப்பள்ளியில், 1950இல் பிரெஞ்சுக் குருக்கள் மோன்சானினும் லெ சோவும் தொடங்கிய சாந்திவனம் ஆசிரமம் இருக்கிறது. அங்கே காவிரிக்கரையில் பேசாமல் உட்கார்ந்தவர்களுக்கு ‘சும்மா இரு சொல்லற’ என்ற அருணகிரியார் வாக்கு விளங்கும். ஜான் மெயின் என்ற பெனடிக்டின் துறவி, மலாயாவில் ஓர் இந்து சுவாமியிடம் கற்ற மந்திர முறையைப் பிறகு பண்டைக் கிறிஸ்தவத் துறவி காசியானின் எழுத்தில் கண்டுகொண்டார். காலையும் மாலையும் ‘மாரநாதா’ (ஆண்டவரே வாரும்) என்ற ஒரே சொல்லோடு இருக்கச் சொன்னார். ஆகவே, சும்மா இருத்தல்.
– குளித்தலை

தம்பி, ‘சும்மா’ வேலையில்லாதவன் பேச்சாகிவிடும். 46ஆம் சங்கீதம் “நீங்கள் அமர்ந்திருந்து” என்கிறதே. அமர்ந்திருத்தல் போதாதா?
– பாளையங்கோட்டை

அமர் என்றால் போர் என்று மறுக்கத்தான் எழுத உட்கார்ந்தேன். “அகனமர்ந்து ஈதலின் நன்றே” நினைவுக்கு வந்து கையைப் பிடித்துவிட்டது. அங்கே அமர்தல் உள்ளம் மகிழ்தல். குய்கோவின் இனிமையும் இருப்பும் ஒரே சொல்லில் வருகின்றன. நான்காம் படிக்கு என் வாக்கு அதற்கே. இரண்டாவதில் உள்ளலை விடமாட்டேன்.
– புலவர், தஞ்சை

எல்லாருக்கும் நன்றி. புதன் இரவு பதினொன்று. இனி அச்சகத்துக்குத்தான். வாசித்தல், அசைபோடுதல், செபித்தல், அமர்ந்திருத்தல். இரண்டாவதன் கீழே சிறிய எழுத்தில் ‘தியானம்’ இருக்கும்.
– சிஸ்டர், திண்டுக்கல்

சிறிய எழுத்திலாவது இருக்கிறதே, சந்தோஷம் சிஸ்டர். ஆனால் என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். தியானி, தியானித்தேன், தியானிப்பவள் என்று அந்தச் சொல் எல்லா இடத்திலும் நிற்கும். மரியாள் எல்லாவற்றையும் இருதயத்திலே வைத்துச் சிந்தனைபண்ணினாள் என்கிறது லூக்கா. அங்கே ‘அசைபோட்டாள்’ என்று உங்களால் வாசிக்க முடியுமா?
– பாளையங்கோட்டை

வாசித்துப் பார்த்தேன், ஐயா. முடிகிறது.
– மதுரை