புதுப்பிப்பு: பிரேக் பேடு மாற்றியாச்சு, வாரண்டி அப்படியே இருக்கு

போன மாதம் கேட்டிருந்தேனே, வண்டியின் முன் பிரேக் பேடு (பிரேக் பிடிக்கும்போது சக்கரத்தின் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பட்டை) தேய்ந்து கீச்சிடுகிறது, கம்பெனி சர்வீஸில் இல்லாமல் வெளியில் வாங்கிப் போட்டால் வாரண்டி போய்விடுமா என்று. ஒருவழியாக முடிந்தது.

முதலில் வாரண்டி புத்தகத்தை உட்கார்ந்து படித்தேன். பேடு தேய்மானப் பொருள், தேய்ந்ததற்கு வாரண்டியே கிடையாது. வெளிப் பேடு போட்டதற்காக மட்டும் இன்ஜின், கியர்பாக்ஸ் வாரண்டி போகாது, ஆனால் அந்தப் பேடால் டிஸ்க்கோ, பேடை அழுத்தும் காலிப்பரோ கெட்டால் செலவு நம் தலையில்தான். "எல்லாமே போயிடும் சார்" என்ற சர்வீஸ்காரர், எந்தப் பக்கத்தில் போட்டிருக்கு என்று கேட்டதும் டீ சாப்பிடுறீங்களா என்றார்.

சரி என்று கும்பகோணத்தில் பாஷ் கம்பெனி பேடு வாங்கினேன், அதுவும் பழைய பேடைக் கையோடு கொண்டுபோய், பின்தகட்டோடு தகடு ஒட்டி வைத்துப் பார்த்த பிறகுதான். பழையதில் 2 மி.மீ. கூட மிச்சமில்லை! பில்லில் பார்ட் நம்பர், ஓடிய கிலோமீட்டர் இரண்டையும் எழுதி வாங்கிக்கொண்டேன்.

அப்புறம் பாபநாசம் ரோட்டில், பாதி ரோட்டை அடைத்து நெல் காயப்போட்டிருந்ததால் அதைத் தாண்டிப்போய், 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை பத்து தடவை மெதுவாகப் பிரேக் பிடித்து, புதுப் பேடை டிஸ்க்கோடு படியவைத்தேன். சத்தம் நின்றுவிட்டது. பின்பக்கம் டிஸ்க் இல்லை, டிரம் பிரேக், அதை இப்போதைக்குத் தொடவில்லை.