விலங்குகளின் தொடர்பு முறையைக் கலைஞர் நூலாக்குவது எப்படி?

கேள்வி:
தேனீ, திமிங்கிலம், குதிரை ஆகிய மூன்றும் தம்முள்ளும் நம்மோடும் செய்தி பரிமாறிக்கொள்ளும் விதத்தை வைத்து, கையால் அச்சிட்டுக் கட்டும் கலைஞர் நூல் (நூலின் வடிவமே கலைப்படைப்பாக அமைவது) ஒன்றை உருவாக்கி வருகிறேன். முதல் மாதிரிப் படியில் விலங்குகளின் வாயில் என் சொற்களைத் திணித்துவிட்டேன். இரண்டாவதில் சொற்களை நீக்கியதும் அது வெறும் படத்தொகுப்பாகச் சுருங்கிவிட்டது. தாள், மடிப்பு, கட்டு ஆகியவற்றைக் கொண்டே அந்தப் பரிமாற்றத்தை உணர்த்த வழி உண்டா?

மறுமொழி 1:
தேனீயின் நடனத்திலேயே நூலின் வடிவம் இருக்கிறது. 1973இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட விலங்கியலாளர் கார்ல் வான் ஃபிரிஷ் விளக்கியபடி, உணவைக் கண்டு திரும்பிய தேனீ, செங்குத்தான தேனடையின் மீது வயிற்றை ஆட்டியவாறு நேராக ஓடுகிறது. அந்த ஓட்டம் மேல்நோக்கி இருந்தால் உணவு சூரியன் இருக்கும் திசையில் உள்ளது என்றும், வலப்புறம் 40 பாகை சாய்ந்திருந்தால் சூரியனுக்கு வலப்புறம் 40 பாகையில் உள்ளது என்றும் பொருள். ஓட்டம் நீடிக்க நீடிக்கத் தொலைவு கூடும். மேசையில் படுக்கவைத்துப் புரட்டும் நூலில் ‘மேல்’ என்பதற்குப் பொருளே இல்லை என்பதால், நிறுத்திவைத்தால் மட்டும் படிக்கக்கூடிய நூலாக அதைக் கட்டுங்கள். மேலும், கூட்டுக்குள் இருட்டு. மற்றத் தேனீக்கள் நடனத்தை உணர்கொம்புகளால் தொட்டே பின்தொடர்கின்றன. மையின்றிப் புடைப்பாக அச்சிட்டால் வாசகரின் விரலும் அவ்வாறே பின்தொடரும். கனமான பருத்தித் தாளை ஈரப்படுத்தி அழுத்துங்கள். மெல்லிய தாளில் புடைப்பு நாலு கை மாறுவதற்குள் தட்டையாகிவிடும்.

மறுமொழி 2:
திமிங்கிலத்துக்கு விசிறி மடிப்பு பொருந்தும். கூன்முதுகுத் திமிங்கிலத்தின் ஒலி, ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வரும் பாட்டு என்பதை ரோஜர் பெய்னும் ஸ்காட் மெக்வேயும் 1971இல் வெளியிட்ட ஆய்வில் ஸ்பெக்ட்ரோகிராம்களை (ஒலியைக் காட்டும் வரைபடங்களை)க் கொண்டு காட்டினார்கள். அந்த வரைபடத்தை ஒரே நீளத் தாளில் அச்சிட்டு, விசிறிபோல் முன்னும் பின்னுமாக மடித்து, இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கிவிடுங்கள். பாட்டு முடிந்த இடத்திலிருந்தே மீண்டும் தொடங்குவது அப்போது கையிலேயே புலப்படும். ஒரு பகுதியில் வாழும் ஆண்கள் ஏறத்தாழ ஒரே பாட்டைப் பாடினாலும், அது காலப்போக்கில் சிறிது சிறிதாக மாறிக்கொண்டே போகும். எனவே ஒவ்வொரு படியும் முந்தையதிலிருந்து இம்மியளவு வேறுபடட்டும். எல்லாப் படிகளும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்ற அச்சக ஒழுக்கத்தை இங்கே மீறலாம்.

மறுமொழி 3:
குதிரை என்றதும் பெர்லினின் ஹான்ஸ் நினைவுக்கு வருகிறது. கணக்குக்கு விடையைக் குளம்பால் தட்டிக் காட்டிய அந்தக் குதிரை, கேட்பவருக்கே விடை தெரியாதபோது தவறியது என்றும், சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்பவரின் தலை தாமறியாமல் அசைவதைப் பார்த்தே அது நிறுத்தியது என்றும் 1907இல் உளவியலாளர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் கண்டறிந்தார். இதைக் குதிரையின் தோல்வி என்று பலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. மனிதர்கள் ஒருவரிடம் ஒருவர் கவனிக்கத் தவறியதை அது கவனித்திருக்கிறது. ஆகவே அந்தப் பகுதியில் குதிரையை வரையவே வேண்டாம். கேட்பவரின் முகத்தை மட்டும், தலை மயிரிழையளவு நிமிரும்படி பத்துத் தாள்களில் அச்சிட்டால், வாசகர் குதிரையின் இடத்தில் நிற்பார்.

கேட்டவர்:
நிற்கும் நூலும் வளையமும் ஒரே கட்டில் அடங்கா என்பதால், மூன்றையும் தனித்தனியே செய்து ஒரு பெட்டியில் வைக்க முடிவு செய்துள்ளேன். தொட்டுத் தொட்டுப் புடைப்புத் தாளில் படியும் விரலழுக்கைத் துடைக்கப் போவதில்லை.