கலைச்சொல் வேண்டும்: யூஆர்ஐ, பாத், வொர்க்ஸ்பேஸ் (சனிக்கிழமைக்குள்)

செ., கோவை – திங்கள் இரவு

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

பாலிடெக்னிக் மாணவர்களுக்காக, விஎஸ் கோட் என்ற நிரல் எழுதும் மென்பொருளுக்கு நீட்சி (அதில் புது வசதி சேர்க்கும் துணைநிரல்) எழுதும் செய்முறைக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறேன். சனிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். கோப்பு, கோப்புறை, நீட்சி, நிரல் வரை தடையில்லை. நான்காம் பாடத்தில் மூன்று சொல்லில் மாட்டிக்கொண்டேன்: பாத் (கோப்பு டிஸ்க்கில் இருக்கும் இடம்), யூஆர்ஐ (கோப்பையோ வேறு வளத்தையோ அடையாளம் காட்டும் சரம்), வொர்க்ஸ்பேஸ் (விஎஸ் கோட்டில் ஒன்றாகத் திறந்து வைத்திருக்கும் கோப்புறைகள்).

போன வாரம் ஆய்வகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கோப்புறையில் இருக்கும் குறிப்புகளைத் திரட்டித் தரும் நீட்சி ஒன்றை ஒரு மாணவி எழுதியிருந்தார். திறந்திருக்கும் கோப்புறையின் பாத்தைத் தரும் பழைய ரூட்பாத் என்ற பண்பை எடுத்து, சாய்கோடு போட்டு, கோப்பின் பெயரை ஒட்டியிருந்தார். அவர் கணினியில் நன்றாக ஓடியது. நான் கோப்புறை எதையும் திறக்காமல் ஒற்றைக் கோப்பை மட்டும் திறந்தேன். ரூட்பாத்தில் மதிப்பே இல்லை, நீட்சி நின்றுவிட்டது. இரண்டு கோப்புறைகளைச் சேர்த்துத் திறந்தேன். முதல் கோப்புறையை மட்டும் பார்த்தது. கடைசியாக, இன்னும் சேமிக்காத புதுக்கோப்பு ஒன்றைத் திறந்தேன். அதற்கும் யூஆர்ஐ உண்டு, முன்னால் ஃபைல் என்பதற்குப் பதிலாக அன்டைட்டில்ட் என்று இருக்கும். மாணவி கேட்டார்: "சார், பாதைன்னா டிஸ்க்ல இருக்கிற இடம்னு சொன்னீங்க. இது எங்க இருக்கு?"

என் கையேட்டில் பாத், யூஆர்ஐ இரண்டுக்கும் 'பாதை' என்றே எழுதியிருந்தேன். பிழை அவருடையதில்லை, என் சொல்லுடையது. பாத்துக்கு ஒன்று, யூஆர்ஐக்கு வேறொன்று, வொர்க்ஸ்பேஸுக்கு ஒன்று என மூன்று சொல் தாருங்கள்.


ம., சென்னை – செவ்வாய் காலை

செ. சார், பாத்துக்குப் 'பாதை'யே இருக்கட்டும், அது ஊன்றிவிட்டது. யூஆர்ஐக்கு 'முகவரி' என்று போடச் சிலர் சொல்வார்கள். வேண்டாம். முகவரி என்றால் அங்கே போனால் ஆள் இருக்க வேண்டும். சேமிக்காத கோப்புக்குப் போய்ச் சேர இடமில்லை. 2005இல் வந்த ஆர்எஃப்சி 3986 என்ற இணையத் தர ஆவணம் இந்த வேறுபாட்டைத் தெளிவாகவே வைத்திருக்கிறது: யூஆர்ஐ ஒன்றை அடையாளம் காட்டினால் போதும், எங்கே, எப்படி அடைவது என்பதையும் சேர்த்துச் சொன்னால் அது யூஆர்எல்.

அதனால் 'வள அடையாளம்'. 'சீர்மை வள அடையாளங்காட்டி' என்று முழுதாக எழுதினால் மாணவர் மூச்சு வாங்குவார்கள், குறுக்கிவிட்டேன்.


புலவர் அ., தஞ்சாவூர் – செவ்வாய் மதியம்

அன்புடையீர்,

சொல் நம் கையிலேயே இருக்கிறது. யூஆர்எல்லை 'உரலி' என்று சிலர் எழுதிப் பழக்கினார்கள். அதே வழியில் யூஆர்ஐ 'உரி' ஆகட்டும். ஒலி ஒத்துப்போகிறது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. உரி என்ற அடியைப் பாருங்கள்: உரியது, உரியவர், உரிமை, உரிச்சொல். முதல், கரு, உரி என்று திணைக்குப் பொருள் வகுத்தபோது, குறிஞ்சி இன்னதென்று இனங்காட்டியது உரிப்பொருள்தான். மலையும் சுனையும் இடம்பெயர்ந்து வேறு திணையில் வந்தாலும் புணர்தல் குறிஞ்சிக்கே உரியது. இடத்தைச் சொல்லாமல் 'இது இன்னதற்கு உரியது' என்று சொல்லும் குறியீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வேர் கிடைக்குமா?

ஒட்டிப் பாருங்கள், குற்றியலுகரம் கெட்டுத் தானாகப் புணரும். கோப்பு + உரி = கோப்புரி. 'பாதை வேறு, கோப்புரி வேறு' என்று வகுப்பில் சொன்னால் அந்த மாணவிக்கு விளங்கும்.


வ., யாழ்ப்பாணம் – செவ்வாய் இரவு

ஐயா, மறுப்புக்கு மன்னிக்க வேணும். எங்கட பக்கம் உரி என்றால் முதலில் கையில் வருவது தேங்காய். உரித்தல்தான். அம்மம்மாவைக் கேட்டால் அரிசி அளக்கிற உரி என்பார்: இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி. இவ்வளவையும் சுமந்துகொண்டிருக்கும் இரண்டெழுத்துச் சொல்லின் தலையில் இன்னொன்றையும் ஏற்றுவதா?

இன்னொன்றும் சொல்ல வேணும். 'கோப்பு' இங்கே எல்லாருக்கும் முதற்சொல் இல்லை. கந்தோர்களில் (அலுவலகங்களில்) 'கோவை' என்றுதான் எழுதுகிறோம். உங்களுக்குக் கோவை என்றால் ஊர். கோப்புரி என்று வைத்தால் எங்கள் பிள்ளைகள் இரண்டு படி ஏற வேணும். கையேடு கடல் தாண்டியும் வாசிக்கப்படும் என்று எண்ணி எழுதுங்கள்.


ர., பெங்களூரு – புதன் காலை

நான் நீட்சி எழுதிப் பிழைப்பவன், இலக்கணம் கொஞ்சம்தான் தெரியும். ஆனால் சொல்லைத் தேர்ந்தெடுக்குமுன் பொருளை ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.

'பாடம்' என்று ஒரு கோப்புறை வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஐந்து குறிப்புள்ளி (எழுத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண்), அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 15 பைட்டு. அந்தக் கோப்புறையின் யூஆர்ஐயைச் சரமாக மாற்றினால் ஒவ்வொரு பைட்டும் ஒரு % குறியும் இரண்டு எழுத்துமாக விரிந்து 45 எழுத்து ஆகிவிடும். அதே யூஆர்ஐயிடம் பாத்தைக் கேட்டால் 'பாடம்' என்றே தரும். விண்டோஸில் டிஸ்க் பாதையைத் தரும் எஃப்எஸ்பாத்தைக் கேட்டால் பின்சாய்கோடும், சிறிய எழுத்தில் டிரைவ் பெயருமாக வரும். ஆக ஒரே பொருளுக்கு மூன்று தோற்றம். மாணவர்கள் ஒரு தோற்றத்தை எடுத்து இன்னொன்றோடு ஒட்டும்போதுதான் எல்லாம் உடைகிறது.

இன்னொரு பொறி: கோப்புறையின் பெயரில் # இருந்தால். 'சி#' என்று பெயர் வைக்காத மாணவர் உண்டா? டிஸ்க் பாதையை, அதிலிருந்து யூஆர்ஐ உருவாக்கும் யூரி.ஃபைல் ஃபங்ஷனுக்குக் கொடுத்தால் # பெயரின் பகுதியாகவே நிற்கும். சரத்தை உறுப்பு உறுப்பாகப் பிரிக்கும் யூரி.பார்ஸுக்குக் கொடுத்தால் # வந்த இடத்தில் பாத் முடிந்துபோகும். மிச்சம் ஃபிராக்மென்ட் என்று தனியே போய்விடும். இதில் நான் இரண்டு நாள் இழந்திருக்கிறேன்.

என் கருத்து: 'யூஆர்ஐ' என்றே தமிழில் எழுதுங்கள். மாணவர் நாளை ஆவணத்தைத் திறந்தால் அங்கே இருப்பது அதுதான். 'கடிசொல் இல்லைக் காலத்துப் படினே' (காலத்தோடு வந்து பொருந்தும் சொல்லை விலக்குவதில்லை) என்று தொல்காப்பியமே இடம் கொடுத்திருக்கிறது இல்லையா?


புலவர் அ., தஞ்சாவூர் – புதன் மதியம்

தம்பி ர., அந்த நூற்பாவை எடுத்தது மகிழ்ச்சி. அதே எச்சவியலில் 'வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ' என்றும் இருக்கிறது. வரும் சொல் வரட்டும். நம் எழுத்துக்கு இசைந்து வரட்டும் என்பது அதன் கருத்து. 'யூஆர்ஐ' என்று எழுதினால் சொல்லின் நடுவில் ஓர் ஆகாரம், இறுதியில் தனித்து ஓர் ஐகாரம். அளபெடை தவிரத் தமிழ்ச் சொல்லின் நடுவில் உயிர் தனித்து நிற்குமா? வேற்றுமை உருபு ஏற்றிப் பாருங்கள்: யூஆர்ஐயை, யூஆர்ஐயின். நாக்கு இடறுகிறது. உரியை, உரியின் – எவ்வளவு எளிது!

தேங்காய் உரித்தலும் எனக்குத் தடையாகத் தெரியவில்லை. ம. சொன்ன ஆர்எஃப்சியை என் பேரன் காட்டினான். ஸ்கீம் (முன்னால் வரும் ஃபைல், அன்டைட்டில்ட் போன்றது), அதாரிட்டி (சேவையகப் பெயர்), பாத், குவெரி (கேள்விக்குறிக்குப் பின் வருவது), ஃபிராக்மென்ட் (#க்குப் பின் வருவது) என ஐந்து உறுப்பாம். பகுபதத்துக்கு ஆறு உறுப்பு. ஸ்கீம் பகுதி, ஃபிராக்மென்ட் விகுதி, குவெரியை இடைநிலை என்னலாமா, சாரியை என்னலாமா என்று நேற்றிரவு முழுக்க யோசித்தேன். வந்தாலும் வராவிட்டாலும் சொல் நிற்கும் என்பதால் சாரியைதான். பதத்தைப் பிரிப்பது போல உரியை உறுப்பு உறுப்பாக உரிப்பதுதானே அந்தப் பார்ஸ்?


ம., சென்னை – புதன் இரவு

ஐயா, பகுபத ஒப்புமை அழகாக இருக்கிறது. வகுப்பில் நானே சொல்லுவேன். ஆனால் விகுதி இல்லாமல் வினைமுற்று முடியாது, ஃபிராக்மென்ட் இல்லாத யூஆர்ஐதான் அதிகம். ஒப்புமை அந்த இடத்தில் விட்டுப்போகிறது.

வேரைத் தேடிப் போவதிலும் எனக்கு ஒரு தயக்கம். 'மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா' (சொல்லுக்கு அந்தப் பொருள் வந்த காரணம் வெளிப்படையாகத் தெரியாது) என்று தொல்காப்பிய உரியியலிலேயே இருக்கிறது. சொல்லுக்குள் காரணம் தெரிய வேண்டும் என்று நாம் படும் பாட்டை மாணவர் படுவதில்லை. பழகியது, குழப்பாதது என்ற இரண்டு போதும் அவர்களுக்கு. 'வளச்சுட்டி' என்று யாராவது சொல்வதற்குள் சொல்லிவிடுகிறேன், சுட்டி ஏற்கெனவே மவுஸ்.


வ., யாழ்ப்பாணம் – வியாழன் காலை

யூஆர்ஐயிலேயே மூன்று நாள் போய்விட்டது, வொர்க்ஸ்பேஸை ஒருவரும் தொடவில்லை. 'பணியிடம்' என்று பலர் எழுதுகிறார்கள். அது உத்தியோகம் பார்க்கிற இடம். 'பட்டறை' நல்ல சொல், இப்போது அது பயிலரங்குக்குப் போய்விட்டது. நான் 'பணிக்களம்' என்பேன். களம் என்றால் நெல் அடிக்கிற களம். நாலு வயலில் அறுத்த கதிர் ஒரே களத்துக்கு வரும். வயல் எங்கே இருந்தாலும் சரி, களம் ஒன்று. 2017 முதல் விஎஸ் கோட்டில் பல கோப்புறைகளை ஒரே வொர்க்ஸ்பேஸில் வைக்கலாம். ஒன்று பலாலி வீதியிலும் ஒன்று வல்லையிலும் இருக்கிற மாதிரி, அவை டிஸ்க்கில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கத் தேவையில்லை. கோப்புறையும் வொர்க்ஸ்பேஸும் ஒன்றென்று அந்தப் பிள்ளை நினைத்ததுதானே முதல் சிக்கல்?


ர., பெங்களூரு – வியாழன் காலை

இதை மனசார ஏற்கிறேன். திறந்த கோப்புறைகளைத் தரும் வொர்க்ஸ்பேஸ்ஃபோல்டர்ஸ் ஏன் ஒரு பட்டியலாக வருகிறது என்று கேட்பவருக்கு இனி வயலையும் களத்தையும் சொல்லிவிடலாம். ஒன்றும் திறக்காதபோது அது வெற்றுப் பட்டியலாகக்கூட வராது, மதிப்பில்லாமல் வரும். களமே போடவில்லை என்று பொருள். டொமைனுக்கு 'ஆள்களம்' இருக்கிறதே என்று யாராவது கேட்டால், முன்னால் 'பணி' நிற்கிறது, குழம்பாது.


செ., கோவை – வெள்ளி இரவு

எல்லாருக்கும் நன்றி. நாளை காலை பத்து மணிக்கு அச்சகம். இப்படி முடித்திருக்கிறேன்:

வொர்க்ஸ்பேஸுக்குப் 'பணிக்களம்'. மறுப்பு வரவில்லை. பாத்துக்குப் 'பாதை', டிஸ்க்கில் உள்ள இடத்துக்கு மட்டும். யூஆர்ஐக்கு 'வள அடையாளம்'. பாடத்தில் முதலில் வரும் இடத்தில் மட்டும் 'யூஆர்ஐ எனப்படும் வள அடையாளம்' என்று. இங்கே எழுதாதவர்களையும் சேர்த்து நான்கு பேர் இதற்கு, இரண்டு பேர் யூஆர்ஐக்கு, புலவர் ஐயா உரிக்கு. ஸ்கீமுக்குச் சொல் தேட இன்று நேரமில்லை, ஸ்கீம் என்றே விட்டேன்.

வ. சொன்ன களம் பாடத்தின் முதல் பத்தியாகிவிட்டது. ர. சொன்ன # பயிற்சிக் கணக்காகிவிட்டது. ஐயாவின் ஐந்து உறுப்பை ஒரு கட்டத்தில் போட்டிருக்கிறேன், பகுபதத்தைப் பக்கத்திலேயே வைத்து. இன்று மாலை அந்த மாணவியிடம் படிக்கக் கொடுத்தேன். சேமிக்காத கோப்பைத் திறந்து, "இதுக்கு அடையாளம் இருக்கு, பாதை இல்ல" என்று தானே சொன்னார். அப்புறம் ரூட்பாத் வரியை அழித்துவிட்டு, யூஆர்ஐயோடு பெயரை முறையாகச் சேர்க்கும் யூரி.ஜாயின்பாத் போட்டார்.


புலவர் அ., தஞ்சாவூர் – சனி விடியற்காலை

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ஆனாலும் 'வள அடையாளம்' இரண்டு சொல், 'உரி' ஒரு சொல் என்பதைப் பதிவு செய்து வைக்கிறேன். அடுத்த பதிப்பில் மீண்டும் கேட்பேன்.

அச்சுக்கு முன் ஒன்று. 12ஆம் பக்கத்தில் ரிலேட்டிவ் பாத்துக்கு (இருக்கும் கோப்புறையிலிருந்து பார்த்துச் சொல்லும் பாதைக்கு) 'சார்பாதை' என்றும், 15ஆம் பக்கத்தில் 'சார்ப்பாதை' என்றும் இருக்கிறது. சார்ந்த, சார்கிற, சாரும் பாதை என்று விரியும் வினைத்தொகை, வலி மிகாது. ஆனால் ஒற்றில்லாமல் எழுதினால் சார்பு + ஆதை என்று யாரும் பிரித்துவிடுவார்களோ என்றும் அஞ்சுகிறேன். 'சார்புப் பாதை' என்று விரித்துவிடலாமா? பத்து மணிக்குள் சொல்லுங்கள், விழித்தே இருக்கிறேன்.