ஓவர்லே அடுக்கை அன்மவுண்ட் செய்யும் இடத்தில் கணினி உறைந்துவிடுகிறது: அவசர உதவி தேவை

ரோஸ்ஹில் வாத்தியார்
அனைவருக்கும் வணக்கம். எங்கள் கோவில் மாலைநேரத் தமிழ் வகுப்பின் கணினிகளில் பாடக் கோப்புறையை ஓவர்லே எஃப்எஸ் (ஒரு கோப்புறையின் மேல் இன்னொன்றை வைத்து ஒன்றாகக் காட்டும் லினக்ஸ் வசதி) கொண்டு இரண்டு அடுக்குகளாக வைத்திருக்கிறோம். பிள்ளைகள் எழுதுவதும் அழிப்பதும் மேலடுக்கோடு நின்றுவிடும். மூலப் பாடங்கள் கீழடுக்கில் அப்படியே இருக்கும். ஆனால் அதை அன்மவுண்ட் செய்யும் (மவுண்ட் செய்து இணைத்ததைக் கழற்றும்) இடத்தில் கணினி உறைந்துவிடுகிறது. மின்பொத்தானை அழுத்திப் பிடித்துத்தான் அணைக்க வேண்டியிருக்கிறது. புயல் எச்சரிக்கை வந்தால் எல்லாவற்றையும் விரைவாக அணைத்துவிட்டுப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். வழி சொல்லுங்கள்.

ரங்கூன் தம்பி
வணக்கம் ஐயா. ஏதோ ஒரு நிரல் அந்தக் கோப்புறைக்குள் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறது என்றே நினைக்கிறேன். ஃபியூசர் கட்டளையைக் கொடுத்து, எந்த நிரல் என்று பார்த்து நிறுத்துங்கள்.

டர்பன்காரர்
தம்பி, கோப்பு திறந்திருந்தால் 'பயன்பாட்டில் உள்ளது' என்று கட்டளை உடனே மறுத்துவிடும், உறைந்து நிற்காது. என் கணிப்பு வேறு. ஓவர்லேயை அன்மவுண்ட் செய்யும்போது, மேலடுக்குக்கு உரியதாய் நினைவகத்தில் தேங்கியிருப்பதை எல்லாம் வட்டில் எழுதி முடிக்கும் வரை கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) காத்திருக்கும். மேலடுக்கு ஒரு மெதுவான யூஎஸ்பி குச்சியில் இருந்தால் அது நெடுநேரம் இழுக்கும். 5.10 கெர்னலில் வந்த 'வாலடைல்' விருப்பத்தைக் கொடுத்தால் அந்தக் காத்திருப்பு இராது. ஆனால் நடுவில் மின்சாரம் போனால் மேலடுக்கில் உள்ளதை நம்ப முடியாது. உங்கள் மேலடுக்கு எதில் இருக்கிறது?

கெர்னல் பெரியவர்
ஓவர்லே எஃப்எஸ் 2014-இல் 3.18 கெர்னலோடு வந்துவிட்டது. அதன் ஆவணம் மூலநிரலுடனேயே கிடைக்கிறது. அதைப் படிக்காமல், கெர்னல் பதிப்பையும் மவுண்ட் வரியையும் தராமல், 'உறைந்துவிடுகிறது' என்று மட்டும் எழுதுபவர்களுக்கு இங்கே யாரும் ஜோசியம் சொல்ல முடியாது. ஆசிரியர் ஒருவருக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

சேன்பியேர் செல்வி
பெரியவர் கேட்ட விவரங்கள் தேவையானவை. அந்தக் கடைசி வரி தேவையற்றது. வாத்தியார் ஐயா, மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள். கீழடுக்கு அதே கணினியில் இருக்கிறதா, வேறெங்கிருந்தாவது வருகிறதா? நீங்கள் கையால் அன்மவுண்ட் செய்யும்போதும் நிற்கிறதா, கணினியை அணைக்கும்போது மட்டும் நிற்கிறதா? ஓவர்லேயை மவுண்ட் செய்வது எஃப்எஸ்டேப் கோப்பா (எதை எங்கே மவுண்ட் செய்வது என்ற பட்டியல்), வேறு நிரலா?

ரோஸ்ஹில் வாத்தியார்
டெபியன் 12, கெர்னல் 6.1. மேலடுக்கு உள்ளே இருக்கும் எஸ்எஸ்டியில் உள்ளது. கீழடுக்கு எங்கள் சர்வரிலிருந்து என்எஃப்எஸ் (வலையமைப்பில் கோப்புகளைப் பகிரும் முறை) வழியாக, படிக்க மட்டும். கணினி தொடங்கியதும் ஆர்சி.லோக்கல் கோப்பிலுள்ள ஒரு வரி ஓவர்லேயை மவுண்ட் செய்கிறது. கையால் செய்தால் உடனே கழன்றுவிடுகிறது, அணைக்கும்போதுதான் நிற்கிறது. ஆசிரியர் மேசைக் கணினி மட்டும் ஒருமுறைகூட நின்றதில்லை.

ரங்கூன் தம்பி
அப்படியானால் சோம்பல் அன்மவுண்ட் விருப்பத்தைச் சேர்த்துவிடலாமே ஐயா? உடனே திரும்பிவிடும்.

கெர்னல் பெரியவர்
அது பெயர்வெளியிலிருந்து (நிரல்கள் காணும் பாதைகளின் தொகுப்பு) பாதையை மறைக்குமே தவிர, உள்ளே தொங்கிக்கொண்டிருப்பதை விடுவிக்காது. நோயை விட்டுவிட்டு வெப்பமானியை ஒளித்துவைப்பது போன்றது.

டர்பன்காரர்
என்எஃப்எஸ் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நான் வட்டைக் குறை சொல்லியிருக்க மாட்டேன். கடின மவுண்டாக இருந்தால், சர்வர் பதில் தரும் வரை கெர்னல் முடிவில்லாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். மென் மவுண்டாக மாற்றுங்கள். காலக்கெடு முடிந்ததும் பிழை தந்து விட்டுவிடும்.

கெர்னல் பெரியவர்
மென் மவுண்ட் தரவைச் சத்தமில்லாமல் சிதைக்கக்கூடும் என்று என்எஃப்எஸ் கையேடே எச்சரிக்கிறது. இதைப் பொது இடத்தில் பரிந்துரைப்பது பொறுப்பற்ற செயல்.

டர்பன்காரர்
எழுதும் மவுண்டுக்கு அந்த எச்சரிக்கை பொருந்தும். இவர் வைத்திருப்பது படிக்க மட்டுமான மவுண்ட். எல்லாவற்றுக்கும் ஒரே விதியைத் தூக்கிப் பிடிப்பதும் பொறுப்பல்ல, ஐயா.

சேன்பியேர் செல்வி
மென்மையா கடினமா என்பது பிறகு இருக்கட்டும். சர்வர் ஏன் எட்டவில்லை என்பதே முதல் கேள்வி. எஃப்எஸ்டேபில் எழுதாமல் ஓவர்லேயை மவுண்ட் செய்தால், அதன் வகைப் பெயரை மட்டும் பார்த்து சிஸ்டம்டி (சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் நிரல்) அதை உள்ளூர்க் கோப்பு முறைமை என்று எடுத்துக்கொள்கிறது. கீழடுக்கு வலையமைப்பிலிருந்து வருவது அதற்குத் தெரியாது. அணைக்கும்போது என்எஃப்எஸ் மவுண்டை முறைப்படி முதலில் கழற்றுகிறது. அது வெற்றி என்றுதான் காட்டும். ஆனால் ஓவர்லே தன் கீழடுக்கைத் தனியே பிடித்துவைத்திருப்பதால் சர்வருடனான தொடர்பு உள்ளே இன்னும் உயிரோடு இருக்கும். ஃபியூசரிலும் அது தெரியாது. அடுத்து வலையமைப்பு நிறுத்தப்படுகிறது. கடைசியில் ஓவர்லே கழலும்போது, சர்வருக்குச் சொல்லி முடிக்க வேண்டியதைச் சொல்ல வழியில்லாமல் நிற்கிறது.

ஆசிரியர் கணினி கம்பி இணைப்பிலும் மற்றவை வைஃபையிலும் இருக்கின்றனவா? கம்பியில் முகவரி பெரும்பாலும் கடைசிவரை அப்படியே இருக்கும். வைஃபையில் இணைப்பை வைத்திருக்கும் சேவை நின்றதும் எல்லாம் அறுந்துவிடும்.

ஊகத்தோடு நிற்க வேண்டாம். ஒரு கணினியில் சிஸ்டம்டியின் டீபக்-ஷெல் சேவையை இயக்கி வையுங்கள். அணைக்கும்போது உறைந்ததும் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்9 மூன்றையும் அழுத்தினால் ரூட் முனையம் (முழு அதிகாரத்தோடு கட்டளை கொடுக்கும் திரை) வரும். அங்கே டபிள்யூ என்ற சிற்றெழுத்தை ப்ராக் கோப்புறையிலுள்ள சிஸ்ஆர்கியூ-ட்ரிக்கர் கோப்பில் எழுதிவிட்டு, டீமெசேஜ் கட்டளையில் தேங்கிய பணிகளைப் பாருங்கள். சோதனை முடிந்ததும் அந்தச் சேவையை மறக்காமல் நிறுத்துங்கள். கடவுச்சொல் இல்லாத ரூட் முனையம் வகுப்பறையில் இருக்கக் கூடாது.

ரோஸ்ஹில் வாத்தியார்
ஆம், அது ஒன்றுதான் கம்பியில் உள்ளது. யூமவுண்ட் (அன்மவுண்ட் கட்டளை) பணி டி நிலையில் (குறுக்கிட முடியாத காத்திருப்பு) நிற்கிறது. அதன் கீழே வரும் வரிகளில் ஆர்பிசி (சர்வருக்கு அழைப்பு அனுப்பும் பகுதி), என்எஃப்எஸ்4 என்று தொடங்கும் பெயர்கள் இருக்கின்றன.

சேன்பியேர் செல்வி
அப்படியானால் ஐயமில்லை. ஓவர்லே வரியை எஃப்எஸ்டேபுக்கு மாற்றுங்கள். அதன் விருப்பங்களில், முன்னால் அடிக்கோடு சேர்ந்த 'நெட்டெவ்' என்பதையும், 'எக்ஸ்-சிஸ்டம்டி.ரிக்வயர்ஸ்-மவுண்ட்ஸ்-ஃபார்' என்பதற்கு என்எஃப்எஸ் பாதையையும் கொடுங்கள். முதலாவது ஓவர்லேயை வலையமைப்பைச் சார்ந்ததாக்கும். இரண்டாவது, என்எஃப்எஸ் ஏறிய பின்பே ஓவர்லே ஏறவும், ஓவர்லே இறங்கிய பின்பே என்எஃப்எஸ் இறங்கவும் வைக்கும். கடின மவுண்டை மாற்ற வேண்டியதில்லை.

ரோஸ்ஹில் வாத்தியார்
சேர்த்துவிட்டேன். வைஃபை கணினிகள் எல்லாம் சில நொடிகளில் அணைகின்றன. மிக்க நன்றி அம்மா. வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

டர்பன்காரர்
வாத்தியார் ஐயா, ஆர்சி.லோக்கலில் இருந்த பழைய வரியை நீக்கினீர்களா? அது இருந்தால் அதே மேலடுக்கையும் அதே வொர்க்டிரையும் (ஓவர்லேயின் இடைக்கால வேலைக் கோப்புறை) கொண்டு இரண்டாவது ஓவர்லே ஏற முயலும். அது ஏறாமல் போனால் நல்லது. ஏறிவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குக் கெர்னல் எந்த உறுதியும் தருவதில்லை.