31 வயசுலயே ஓவரி (சினைப்பை) ஃபெயிலியராம், எதனால வருது இது?

மல்லிச்சரம்:
கல்யாணமாகி நாலு வருஷம். ஏழு மாசமா பீரியட்ஸ் வரல, மொத ரெண்டு மாசம் நல்ல செய்தின்னு நெனச்சு கார்டு டெஸ்ட் போட்டுப் போட்டு ஏமாந்தேன், அப்புறம் ஒரு டாக்டர் பிசிஓடின்னு (சினைப்பை நீர்க்கட்டி) மாத்திரை குடுத்தாங்க. இப்ப வேற எடத்துல ஹார்மோன் டெஸ்ட் பாத்தா எஃப்எஸ்எச் 68, முட்டை இருப்பக் காட்டுற ஏஎம்எச் 0.1க்கும் கீழ. "ஓவரி ஃபெயிலியர்"னு சொல்லிட்டு அடுத்த டோக்கனக் கூப்ட்டுட்டாங்க. ராத்திரில திடீர்னு ஒடம்பு கொதிச்சு வேர்த்துக் கொட்டுது, நான் வெயிலுன்னுல்ல நெனச்சேன். இதுல டைப் வேற இருக்காமே? மாமியார் என்னடான்னா சின்ன வயசுல பப்பாளி அதிகமா தின்னுருப்பங்கறாங்க 🙄

தயிர்சாதம்:
பப்பாளிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லப்பா. எனக்கு 27ல கண்டுபிடிச்சாங்க, தைராய்டு ஆன்டிபாடி இருந்துச்சு, நம்ம ஒடம்போட எதிர்ப்பு சக்தியே சினைப்பையத் தாக்குற வகைன்னாங்க. ஃபெயிலியர்ங்கற வார்த்தைய இப்ப நெறைய டாக்டருங்க சொல்றதில்ல, இன்சஃபிஷியன்சின்னுதான் (போதாமை) சொல்றாங்க, ஏன்னா மொத்தமா கடைய சாத்திடல, எப்பயாச்சும் ஒரு முட்டை வெளிய வரும். 100 பேர்ல 5 பேருக்காவது தானாவே கர்ப்பம் நிக்குதாம்.

லேப்_அண்ணா:
பிசிஓடி வேற இது வேற தங்கச்சி, அதுல ஏஎம்எச் பொதுவா கூடத்தான் இருக்கும். எஃப்எஸ்எச்ங்கறது மூளை சினைப்பைக்கு அனுப்புற தாக்கீது, அங்க பதில் இல்லன்னா மூளை இன்னும் சத்தமா கத்தும், அதான் 68. இதே எஃப்எஸ்எச் கம்மியா இருந்து பீரியட்ஸ் நின்னா கோளாறு மூளைப்பக்கம், அது தனி வகை. சினைப்பைலயே கோளாறுன்னா ஒண்ணு முட்டை ஸ்டாக்கே தீந்திருக்கும், இல்ல முட்டை இருந்தும் வேலை செய்யாது. டர்னர் மாதிரி எக்ஸ் குரோமோசோம் கொறை, கீமோ, ரேடியேஷன், சினைப்பை ஆபரேஷன் இப்படிக் காரணம் பல. வீட்ல ஆம்பளப் பசங்களுக்கு அறிவு வளர்ச்சிக் கொறை இருந்தா ஃப்ராஜைல் எக்ஸ்ங்கற மரபணுக் கோளாறும் பாக்கச் சொல்வாங்க. ஆனா பாதிக்கு மேல காரணமே தெரியாதுங்கறதுதான் நெசம். 4, 6 வாரம் விட்டு எஃப்எஸ்எச் இன்னொரு தடவ பாத்துக்கங்க.

மல்லிச்சரம்:
அண்ணா, மூணு வருஷம் முன்ன ரெண்டு பக்க சினைப்பைலயும் சாக்லேட் சிஸ்ட் (பழைய ரத்தம் தேங்குன கட்டி) ஆபரேஷன் பண்ணிருக்கேன். கேள்வில எழுதவே தோணல 😶

லேப்_அண்ணா:
அட, அத மொதல்ல டாக்டர்ட்ட சொல்லுங்க. கட்டிய உரிச்சு எடுக்கறப்ப கூடவே நல்ல திசுவும் கொஞ்சம் போயிடும், ரெண்டு பக்கமும்னா இழப்பு ஜாஸ்தி. அதுக்காக இதான் காரணம்னு நம்மளே முடிவு கட்டிடக் கூடாது, கேரியோடைப்பும் (குரோமோசோம் டெஸ்ட்) தைராய்டும் பாத்துருங்க.

தயிர்சாதம்:
இன்னொண்ணு, ஹார்மோன் மாத்திரை எழுதிக் குடுத்தா கேன்சர் வரும்னு யாராச்சும் கெளப்பி விடுவாங்க, எங்கத்த சொன்னதக் கேட்டு நான் ஒன்றரை வருஷம் போடாம விட்டு, அப்புறம் டெக்ஸா ஸ்கேன்ல எலும்பு தேஞ்சிருக்குன்னு வந்துச்சு. 50 வயசு வரைக்கும் இருக்க வேண்டிய ஈஸ்ட்ரோஜனத்தான் திருப்பிக் குடுக்குறாங்க, மார்புப் புத்துநோய் வந்தவங்க மாதிரி சிலருக்குத்தான் அது ஆகாது. கொழந்தைக்குன்னா தானம் வாங்குன முட்டைல ஐவிஎஃப் இருக்கு, ஆனா அத நீயும் அவரும் நிதானமா பேசிக்கங்க, மாமியாரெல்லாம் அப்புறம்.

மல்லிச்சரம்:
அழுதுட்டேன் அக்கா. நாளன்னிக்கு கேரியோடைப்புக்கு ரத்தம் குடுக்கப் போறேன், வெறும் வயித்துல போகணுமா?

லேப்_அண்ணா:
அதெல்லாம் வேணாம், நல்லா சாப்ட்டே போங்க. ரிசல்ட் வர ரெண்டு மூணு வாரம் ஆகும், லேட்டாகுதேன்னு பதறாதீங்க.