எரிபொருள் கணக்குகளில் ‘மைலேஜ்’: அலகோட்டம், தூரநுகர்வு சரிவருமா?

வணக்கம்.

தரம் 9-இல் நேர் விகிதசமன் (ஒன்று கூடினால் மற்றதும் அதே விகிதத்தில் கூடும்), தரம் 10-இல் நேர்மாறு விகிதசமன் (ஒன்று கூடினால் மற்றது அதே விகிதத்தில் குறையும்). கதி, நேரம், தூரம் பற்றிய கணக்குகளில் பிள்ளைகள் அவ்வளவாகத் தடுமாறுவதில்லை. எரிபொருள் வந்தவுடன்தான் தடுமாற்றம். அதில் பாதி நாம் போடும் சொல்லால் வருகிறது.

‘லீற்றருக்கு 12.5 கி.மீ.’, ‘100 கி.மீ.க்கு 8 லீற்றர்’ இரண்டும் ஒரே வண்டியைப் பற்றிய ஒரே செய்தி. ஆனால் ஒன்று கூடினால் மற்றது குறையும். இரண்டுக்கும் ‘எரிபொருள் நுகர்வு’ என்றே எழுதிவிடுகிறோம். ‘நுகர்வு 12-இலிருந்து 15 ஆனது’ என்றால் வண்டி தேறிவிட்டதா, எண்ணெய் குடிக்கத் தொடங்கிவிட்டதா?

2022-இல் இலங்கையில் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கியூஆர் பங்கீட்டு முறையில் முச்சக்கரவண்டிக்கு வாரம் 5 லீற்றர் என்று தொடங்கியது எல்லாருக்கும் நினைவிருக்கும். அந்த 5 லீற்றரை மாறாததாக வைத்தால், லீற்றருக்கு 25 ஓடும் வண்டி 125 கி.மீ. போகும், 20 ஓடும் வண்டி 100 கி.மீ. போகும். இது நேர் விகிதசமன். இப்போது தூரத்தை மாறாததாக வையுங்கள். 100 கி.மீ.க்கு முதல் வண்டிக்கு 4 லீற்றர், இரண்டாவதுக்கு 5 லீற்றர். அதே 25, 20 இங்கே நேர்மாறாகிவிட்டன. இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: 25 என்பது 20 ஆனது 20% இறக்கம், எரிபொருள் கூடியதோ 25%. இரண்டும் 20% என்று எழுதும் பிள்ளைகள் நிறைய.

இரண்டு அளவுக்கும் இரண்டு சொல் வேண்டும். கி.மீ./லீற்றருக்கு ‘எரிபொருள் சிக்கனம்’ அல்லது ‘எரிபொருள் வினைத்திறன்’ போடலாமா? கருத்துச் சொல்லுங்கள்.

— கணிதம், நுவரெலியா

* * *

> ‘எரிபொருள் சிக்கனம்’ அல்லது ‘எரிபொருள் வினைத்திறன்’

டீச்சர், இரண்டும் வேண்டாம் என்பேன். சிக்கனம் ஒரு குணம். ‘இந்த வேனின் சிக்கனம் 9’ என்று யாரும் பேசமாட்டார்கள். வினைத்திறன் அதைவிட ஆபத்து. விஞ்ஞானத்தில் வினைத்திறன் என்றால் கொடுத்த சக்தியில் பயனாகும் பங்கு; அலகில்லாத விகிதம், நூற்றுவீதத்தில் சொல்வது. டீசல் எஞ்சினுக்கு 30% என்போம். அதே சொல்லுக்குக் கி.மீ./லீற்றர் என்ற அலகை மாட்டினால் பிள்ளை எதை நம்பும்?

சாரதிகள் ‘லீற்றருக்கு எவ்வளவு ஓடும்?’ என்றுதான் கேட்கிறார்கள். வினை ‘ஓடு’. அதிலிருந்து எடுத்தால் அலகோட்டம்: ஓர் அலகு எரிபொருளுக்கு ஓடும் தூரம். மின்சார வண்டி வந்தாலும் சொல்லை மாற்ற வேண்டியதில்லை. மின்சாரத்தை ஏற்கெனவே அலகுக் கணக்கில்தான் கட்டுகிறோம். மறுபக்கத்துக்கு தூரநுகர்வு: 100 கி.மீ.க்கு இத்தனை லீற்றர். மூன்றாவதும் ஒன்று வேண்டும். ஹட்டன் பஸ் நிலையத்தில் எஞ்சினை ஓடவிட்டு நிற்கும் பஸ்ஸுக்கு அலகோட்டம் பூச்சியம், தூரநுகர்வுக்குப் பெறுமானமே இல்லை. ஆனாலும் டீசல் எரிகிறது. தேயிலைத் தொழிற்சாலையின் மின்பிறப்பாக்கியும் அப்படித்தான். அதற்கு மணிநுகர்வு: ஒரு மணித்தியாலத்துக்கு இத்தனை லீற்றர்.

மூன்றும் பிரிந்திருந்தால்தான் மலைப்பாதைக் கணக்கு பிழைக்காது. கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறக்குறைய 77 கி.மீ. ஆள் ஏற்றிய வேன் ஒன்று ஏறும்போது லீற்றருக்கு 7, இறங்கும்போது 11 என்று வைப்போம். போய்வர எவ்வளவு டீசல்?

பிள்ளை செய்வது: (7 + 11) ÷ 2 = 9; 154 ÷ 9 = 17.1 லீற்றர்.
சரியானது: 77 ÷ 7 = 11; 77 ÷ 11 = 7; மொத்தம் 18 லீற்றர். சராசரி அலகோட்டம் 154 ÷ 18 = 8.56.

17.1 லீற்றரோடு புறப்பட்டவர் திரும்பி வரும்போது கண்டிக்கு 10 கி.மீ. இருக்க, பேராதனையை எட்டும் முன்னரே நின்றுவிடுவார். தூரங்கள் சமமாக இருந்தால் அலகோட்டங்களைக் கூட்டிப் பாதியாக்கக் கூடாது. தூரநுகர்வுகளைக் கூட்டலாம்: 14.29, 9.09, சராசரி 11.69, 1.54 ஆல் பெருக்கினால் 18. சராசரிக் கதியிலும் இதே பொறிதான். சம தூரங்களை 20, 30 கி.மீ. கதிகளில் ஓடினால் சராசரி 24, 25 அல்ல.

ஏற்றத்தில் 11 லீற்றர் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்கலாம். கண்டி 500 மீற்றர் உயரம், நுவரெலியா 1868. ஏற்றம் ஏறத்தாழ 1370 மீற்றர். வேன் ஆட்களோடு 2000 கி.கி. என்றால் 2000 × 9.8 × 1370, சுமார் 27 மெகாயூல். ஒரு லீற்றர் டீசலில் சுமார் 36 மெகாயூல். வினைத்திறன் 30% என்றால் சில்லுக்கு வருவது 10.8. ஆகவே உயரத்துக்கு மட்டும் 2.5 லீற்றர். மீதி 8.5 தான் தூரத்துக்கு. இறங்கும்போது இந்த 2.5 முழுதாகத் திரும்பாது. பிரேக்கில் சூடாகப் போய்விடும். அதற்காக நியூட்ரலில் இறக்குவோரும் உண்டு. அது இரட்டை மடமை. இன்றைய எஞ்சின்களில் வண்டி கியரில் இருக்கும்போது அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் நின்றுவிடும். நியூட்ரலில் எஞ்சின் அணையாமலிருக்க எரிபொருள் வேண்டும். பிரேக்கும் அளவுக்கு மீறிச் சூடாகும்.

— மோட்டார் பொறிமுறை, ஹட்டன்

* * *

சேர், அப்படியானால் ‘77 கி.மீ.க்கு 11 லீற்றர், 35 கி.மீ.க்கு எவ்வளவு?’ என்று மலைப்பாதையை வைத்துக் கேட்பதே பிழை. சாய்வு எங்கும் ஒன்றாக இருந்தால்தான் 5 லீற்றர் வரும். வினாவில் ‘அலகோட்டம் மாறாதது எனக் கொள்க’ என்று ஒரு வரி போட வேண்டும். இதற்குச் சொல் கிடைத்ததே பெரிய உதவி. முன்பு அந்த வரியை எழுத மூன்று வரி வேண்டியிருந்தது.

இதைவிட மோசமான வினா: ‘40 கி.மீ. கதியில் செல்ல 8 லீற்றர் தேவை. அதே தூரத்தை 60 கி.மீ. கதியில் செல்ல எவ்வளவு?’ ஒருவர் 12 என்பார், ஒருவர் 5.33 என்பார். இரண்டுக்கும் ஆதாரம் இல்லை. நேரம்தான் கதிக்கு நேர்மாறு. எரிபொருள் கதிக்கு நேரும் அல்ல, நேர்மாறும் அல்ல. மிக மெதுவாகப் போனால் எஞ்சின் ஓடும் நேரம் கூடும், மணிநுகர்வு சேர்ந்துகொண்டே போகும். வேகமாகப் போனால் காற்றுத் தடை கதியின் வர்க்கத்தோடு ஏறும். நடுவில் எங்கோதான் தூரநுகர்வு குறைவு. இப்படிப்பட்ட வினாவை எடுத்தெறிய வேண்டும்.

‘அலகோட்டம்’ பற்றி ஒரு தயக்கம். ‘ஓட்டம்’ என்றவுடன் மின்னோட்டம் நினைவுக்கு வருகிறது. கீழ் வகுப்புக்கு ‘லீற்றரோட்டம்’ என்று தொடங்கினால் என்ன?

* * *

தொடங்கலாம் டீச்சர். தரம் 9-இல் லீற்றரோட்டம், பிறகு அலகோட்டம்; ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போவது கடினமில்லை. ஆனால் எந்தச் சொல்லைப் போட்டாலும் முதல் தடவை பக்கத்தில் அலகையும் எழுதிவிடுங்கள்: ‘அலகோட்டம் 7 கி.மீ./லீற்றர்’. விடைத்தாளில் பிள்ளை முதல் வரியாக ‘மாறாதது: தூரம்’ அல்லது ‘மாறாதது: எரிபொருள்’ என்று எழுதினால் அதற்குத் தனிப் புள்ளி கொடுக்கலாம். சொல்லை ஒட்டியே எழுதுவோம். ‘தூர நுகர்வு’ என்று பிரித்தால் தூரத்து நுகர்வு என்று படித்துவிடுவார்கள்.