பள்ளி அறிவிப்பு வீடு வரைக்கும் போய்ச் சேர என்ன வழி? (திருவட்டார் பக்கம், அரசு தொடக்கப் பள்ளி)

மலையோரம்_எஸ்எம்சி:

எல்லாருக்கும் வணக்கம். கன்னியாகுமரி மாவட்டம் திருவட்டார் தாலுகாவுல ஒரு அரசு தொடக்கப் பள்ளி. 76 பிள்ளைகள், 61 வீடு, மூணு ஆசிரியர். எஸ்.எம்.சி.யில (பள்ளி மேலாண்மைக் குழு) பெற்றோர் உறுப்பினரா இருக்கேன். வீடுகளுக்குத் தகவல் சொல்லுற வேலையை ஹெச்.எம். (தலைமை ஆசிரியர்) இந்த வருஷம் எங்கிட்ட விட்டிருக்காங்க.

இப்ப இருக்குறது ஒரு வாட்ஸ்அப் குரூப். எல்லாரும் எழுதலாம்னு திறந்து கிடக்கு. குட்மார்னிங் படம், கோயில் கொடை நோட்டீஸ், 'பத்து சென்ட் விற்பனைக்கு' எல்லாம் வரும். பள்ளி அறிவிப்பு அடியில போயிரும். பெற்றோர்ல பாதிப் பேர் ரப்பர் பால்வெட்டு, கொஞ்சம் பேர் அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை), சில வீட்டுல அப்பா கல்ஃபுல. சாதா போன் மட்டும் உள்ள வீடும் உண்டு.

மாசம் ஒரு தாள் அச்சடிச்சுக் குடுக்கலாம்னு யோசனை. தாளா, வாட்ஸ்அப்பா? எப்படி எழுதணும், எத்தனை மணிக்கு அனுப்பணும்? மழை லீவைப் பத்தியும் சொல்லுங்க. பெகளம் (குழப்பம்) எல்லாம் அதுலதான்.

ஓய்வு_ஹெச்எம்:

தாளா வாட்ஸ்அப்பா என்பது இரண்டாவது கேள்வி. முதலில் வருவதை இரண்டாகப் பிரியுங்கள். பெற்றோர் ஏதாவது செய்ய வேண்டியது ஒரு வகை: கையெழுத்து, மாத்திரை, சனிக்கிழமை வேலைநாள், கூட்டம். படித்து மகிழ வேண்டியது இன்னொரு வகை: ஓவியப் போட்டி, புதிதாக வந்த நூலகப் புத்தகம், தோட்டத்தில் காய்த்த வெண்டை. முதல் வகை உடனுக்குடன் தனித்தனியாகப் போக வேண்டும். இரண்டாவது மாதத் தாளில் போகட்டும். இரண்டையும் ஒரே நீளச் செய்தியில் கலந்தால் பரிசு வாங்கிய பிள்ளையின் பெயர் மட்டும்தான் ஊரில் நிற்கும், சனிக்கிழமை வேலைநாள் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

அறிவிப்பு எழுதும்போது 'பெற்றோர்களுக்குத் தெரிவித்துக்கொள்வது யாதெனில்' என்ற சுற்றறிக்கை நடையை விட்டுவிடுங்கள். போனில் செய்தியைத் திறக்காமலே தெரிவது முதல் வரிதான். அதில் என்ன, என்றைக்கு, என்ன கிழமை என்று வந்துவிட வேண்டும். கிழமை கட்டாயம். தேதியை மட்டும் போட்டால் நாளையா, அடுத்த வாரமா என்று பத்துப் பேர் கேட்பார்கள். ஒரு மாதிரி:

'குடற்புழு மாத்திரை, பிப்ரவரி 10, செவ்வாய்.
அன்றைக்குப் பிள்ளையைக் கட்டாயம் அனுப்புங்க. மாத்திரையைப் பள்ளியிலேயே டீச்சர் முன்னால மென்னு தின்னணும், வீட்டுக்குத் தந்துவிட மாட்டோம்.
காய்ச்சல் இருந்தாலோ, வேறு மருந்து சாப்பிட்டு வந்தாலோ திங்கள் சாயங்காலத்துக்குள் வகுப்பு டீச்சரிடம் சொல்லுங்க.
அன்றைக்கு விட்டுப்போன பிள்ளைக்கு அடுத்த வாரம் மறுபடியும் தருவார்கள்.'

நாடு முழுவதும் பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 என்று நாள் வைத்திருக்கிறார்கள். நம் பக்கம் மாறி வந்தால் சுகாதார நிலையம் சொல்லும் தேதியே கணக்கு. கொடுப்பது அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் மாத்திரை. புழு அதிகம் உள்ள பிள்ளைக்குச் சாப்பிட்ட பிறகு லேசாக வயிறு நோகலாம், ஓக்காளம் வரலாம், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். இதை முந்தின நாளே ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் மதியம் இரண்டு மணிக்கு 'மாத்திரை தின்ன பிள்ளைக்குச் சுகமில்லை' என்று ஒரு குரல் செய்தி கிளம்பும், அடுத்த தடவை பாதி வகுப்பு வராது.

உள்ளூர் விடுமுறையிலும் இதே கதை. கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு டிசம்பர் 3 நம் மாவட்டத்துக்கு லீவு என்பது பிள்ளைகளுக்கே தெரியும். அதற்கு ஈடாக எந்தச் சனிக்கிழமை பள்ளி உண்டு என்பதைத்தான் நீங்கள் சொல்ல வேண்டும். லீவு அறிவிப்பிலேயே ஒரு தடவை, அந்த வாரம் வியாழனன்று மறுபடியும் ஒரு தடவை.

நித்திரவிளை_டீச்சர்:

சார் சொன்னதோட குரூப் விஷயத்தையும் சேர்த்துக்கோங்க. குரூப் பேரைத் தட்டி 'குரூப் பெர்மிஷன்ஸ்' உள்ள போய், உறுப்பினர்கள் மெசேஜ் அனுப்புறதை ஆஃப் பண்ணுங்க. அட்மின் ஹெச்.எம்.மும் நீங்களும், ரெண்டு பேர் போதும். முணுமுணுப்பு வரும். பேச ஆசைப்படுறவங்களுக்குத் தனியா ஒரு குரூப் இருக்கட்டும், அதுல பள்ளி அறிவிப்புப் போடாதீங்க.

பிராட்காஸ்ட் லிஸ்ட் வேண்டாம். உங்க நம்பரை சேவ் பண்ணி வச்சிருக்கவங்களுக்குத்தான் அது போகும். மத்தவங்களுக்குப் போகலைங்கிறதும் உங்களுக்குத் தெரியாது.

யார் பார்த்தாங்கன்னு தெரியணும்னா, நீங்க போட்ட மெசேஜை அழுத்திப் பிடிச்சு 'இன்ஃபோ' பாருங்க. படிச்சவங்க, போய் மட்டும் சேர்ந்தவங்கன்னு பேரோட காட்டும். ராத்திரி ஒன்பது மணிக்குப் பார்த்தா மீதி வீடு எதுன்னு தெரிஞ்சிரும், அந்த வீட்டுக்கு மட்டும் கூப்பிட்டாப் போதும். சாதா போன் வீடுகளும் இதுலயே சேரும். எஸ்.எம்.சி.யில நாலுல மூணு பங்கு பெற்றோர்தானே, 2009 கல்வி உரிமைச் சட்டமே அப்படித்தான் சொல்லுது. ஆளுக்கு ரெண்டு மூணு வீடு பிரிச்சுக் குடுங்க.

படிக்கச் சிரமப்படுறவங்களுக்கு எழுத்துக்குக் கீழேயே ஒரு குரல் செய்தி. அரை நிமிஷத்துக்கு மேல போகக் கூடாது. 'வணக்கம், எல்லாரும் சுகமா' எல்லாம் வேண்டாம், தேதியைச் சொல்லி ஆரம்பிங்க. எங்க விளவங்கோடு, கிள்ளியூர் பக்கம் தமிழ் நல்லாப் பேசுவாங்க, வாசிக்கிறது மலையாளம்தான்னு சில வீடு உண்டு. அங்க குரல்தான் கை குடுக்கும். போஸ்டர் மாதிரி வண்ணப் படம் செஞ்சு அனுப்பாதீங்க. சின்ன போன்ல எழுத்துத் தெரியாது, ஒரு வாரம் கழிச்சுத் தேடினாலும் கிடைக்காது.

நேரம்: மலையோரத்துல பால்வெட்டுக்கு வெள்ளனே போனவங்க பாலெடுத்து ரப்பர் ஷீட் அடிச்சு முடிக்க முற்பகல் ஆயிரும். அண்டி ஆபீஸ்காரங்க காலையில போனா சாயங்காலம்தான் வருவாங்க. அதனால ராத்திரி ஏழரைக்கு மேல, எட்டரைக்குள்ள. தினமும் அதே நேரம்னு பழக்கிட்டா அவங்களே எடுத்துப் பார்ப்பாங்க. கடற்கரை ஊர்கள்ல கணக்கு வேற. அப்பா ஆழ்கடலுக்குப் போனா வாரக்கணக்காகும், எல்லாம் அம்மா கையிலதான். அங்க ஞாயித்துக்கிழமை திருப்பலி முடிஞ்சு வாசிக்கிற அறிவிப்புல ஒரு வரி சேர்த்தா ஊருக்கே போய்ச் சேரும். உங்க பக்கம் ரேஷன் கடைச் சுவரைக் கேட்டுப் பாருங்க.

நம்பர் பட்டியலையும் புதுசு பண்ணுங்க. முதல் வகுப்புச் சேர்க்கையப்ப குடுத்த நம்பர்தான் எமிஸ்ல (கல்வித் துறையோட மாணவர் விவரத் தளம்) அப்படியே கிடக்கும். அது அப்பா நம்பரா இருந்து அவர் சவூதி போயிருந்தா தகவல் அங்கதான் போகும். ஒவ்வொரு பருவம் தொடங்கும்போதும் வீட்டுக்கு ரெண்டு நம்பர் கேட்டு வாங்குங்க: அம்மா, அப்புறம் பாட்டியோ சித்தியோ. மாத்தினதை எமிஸ்லயும் டீச்சரைக் கொண்டு மாத்திடுங்க.

குரூப்ல எது வரக் கூடாதுன்னு எஸ்.எம்.சி. தீர்மானமாவே எழுதி வைங்க. மதிப்பெண், எதையாவது தராதவங்க பட்டியல், யார் எத்தனை நாள் வரலை, இதெல்லாம் கூடாது. எண்ணும் எழுத்தும் வகுப்புல எந்தப் பிள்ளை எந்தக் கற்றல் நிலையில, அரும்பா, மொட்டா, மலராங்கிறதும் அந்தந்த அம்மாகிட்ட நேர்ல சொல்ல வேண்டியது. புகைப்படம்னா கூட்டமா இருக்குறதைப் போடுங்க, ஒத்தைப் பிள்ளை முகத்தைப் பெரிசாக்கிப் பேரோட போடாதீங்க. பெற்றோர் சம்மதத்தை ஜூன்லயே எழுதி வாங்கிருங்க.

தக்கலை_டிடிபி:

தாள் வேண்டாம்னு யாரும் சொல்லலைங்கிறதால அச்சு விஷயம் சொல்றேன்.

ஏ4 தாள் ஒண்ணு, நடுவுல மடிச்சா நாலு பக்கம். அதுக்கு மேல போகாதீங்க. முதல் பக்கத்துல அடுத்த மாசத் தேதிகள் மட்டும். வீட்டுல சுவத்துல ஒட்டுவாங்க, அதனால முக்கியமான எதையும் அதுக்கு நேர் பின்பக்கம் போடக் கூடாது. எழுத்து 13 பாயிண்டுக்குக் குறையக் கூடாது. தாத்தா பாட்டி வாசிக்கிறது. சுத்தி ஒன்றரை சென்டிமீட்டர் விடணும், இல்லன்னா ஜெராக்ஸ் மெஷின் ஓரத்துல ஒரு எழுத்தைத் தின்னுரும்.

பள்ளி கம்ப்யூட்டர்ல பழைய வானவில் எழுத்துரு இருந்தா கவனம். அதுல அடிச்சதைக் காப்பி பண்ணி வாட்ஸ்அப்புல ஒட்டினா கிறுக்கெழுத்தாத்தான் வரும். யூனிகோட்ல அடிங்க, அதே வரியைத் தாளுக்கும் போனுக்கும் பயன்படுத்தலாம்.

புகைப்படம் ஜெராக்ஸ்ல கரும்பூதமா வரும். அதுக்குப் பதிலா பிள்ளைகள் வரைஞ்ச படம் போடுங்க, ஆனா கறுப்புப் பேனாவால வரையச் சொல்லுங்க. பென்சில் கோடு மெஷின்ல பாதி அழிஞ்சிரும்.

கையெழுத்துத் துண்டு வைக்கிறதாயிருந்தா அடியில கோடு போட்டு வைங்க, பின்பக்கம் காலியா விடுங்க. தேதியும் நேரமும் கோட்டுக்கு மேலேயே இருக்கட்டும். துண்டைக் கிழிச்சுக் குடுத்த பிறகு கூட்டம் எத்தனை மணிக்குன்னு வீட்டுல யாருக்கும் தெரியாமப் போறது இந்த ஒரு காரணத்தாலதான்.

61 வீடுன்னா 70 காப்பி எடுங்க. வகுப்புவாரியாக் குடுக்காம வீட்டுப் பட்டியல் வச்சுக் குடுங்க, அண்ணன் தங்கச்சி படிக்கிற வீட்டுக்கு மூத்த பிள்ளை கையில. ஒண்ணாம் வகுப்புப் பைக்குள்ள போன தாள் தண்ணி பாட்டிலோட ஊறிக் கூழாத்தான் வெளிய வரும்.

மலையோரம்_எஸ்எம்சி:

கொள்ளாம், குரூப்பை இன்னைக்கே பூட்டுறேன். வாசல்ல ஒரு கரும்பலகையும் வைக்கலாமா? அப்புறம் அந்த மழை லீவு?

ஓய்வு_ஹெச்எம்:

பலகை வையுங்கள், ஆனால் வாசலில் வேண்டாம், தாழ்வாரத்துக்குள் வையுங்கள். ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை என்று நமக்கு இரண்டு பருவமும் உண்டு, சாக்பீஸ் எழுத்து வெளியில் நிற்காது. ஒரு நேரத்தில் மூன்று வரிக்கு மேல் எழுதாதீர்கள். தேதி முடிந்த வரியை அன்று சாயங்காலமே அழித்துவிடுங்கள். பழசு கிடக்கும் பலகையை யாரும் பார்ப்பதில்லை.

மழை விடுமுறையை ஆட்சியர்தான் அறிவிப்பார். முழு மாவட்டத்துக்கும் வரலாம், குறிப்பிட்ட தாலுகாவுக்கு மட்டும் வரலாம். கல்குளத்துக்கு லீவு என்றால் திருவட்டாருக்கும் லீவு என்று ஆகாது. பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் திறந்தார்கள் என்பதும் லீவு அறிவிப்பு அல்ல. போன வருடத்து அறிவிப்பு படம் ஒவ்வொரு மழைக்கும் சுற்றும், அதனால் தேதியைப் பார்க்காமல் எதையும் குரூப்பில் போடாதீர்கள். ஆட்சியர் அலுவலகப் பக்கத்திலோ ஹெச்.எம். வழியாகவோ உறுதியான பிறகு ஒரே வரி: 'இன்று, புதன், நம் பள்ளிக்கு லீவு.'

லீவு இல்லாத நாளிலும் எழுதுங்கள். மழை அடிக்கும் காலையில் நீங்கள் பேசாமல் இருந்தால் பாதி வீடு லீவு என்றே எடுத்துக்கொள்ளும். ஏழு மணிக்கு 'இதுவரை லீவு அறிவிப்பு இல்லை, பள்ளி உண்டு' என்று போட்டுவிட வேண்டும். இதற்கு மட்டும் டீச்சர் சொன்ன ராத்திரிக் கணக்கு பொருந்தாது. மழை நாளில் மழைக்கவசம் போடாத ரப்பர் மரத்தில் வெட்டு கிடையாது, ஆள் வீட்டில் போனோடுதான் இருப்பார்.

குரூப்புக்கு முன்னால் ஒரு போன் செய்ய வேண்டும், பள்ளியில் காலை உணவு சமைக்கும் மகளிர் குழு அக்காமாருக்கு. விடியுமுன்னே அடுப்பு மூட்டிவிடுவார்கள். லீவு என்று ஏழரைக்குத் தெரிந்தால் அத்தனை பேருக்கான உப்புமாவும் சாம்பாரும் அப்படியே நிற்கும்.

நித்திரவிளை_டீச்சர்:

ஆட்டோ, வேன் ஓட்டுறவங்க நம்பரையும் அதே பட்டியல்ல சேருங்க சார். பிள்ளைகளை ஏத்திட்டு வந்து பூட்டின கேட்டுக்கு முன்னால நிக்கிறது அவங்கதான்.